பழனிவேல் சாரின் தங்கை வீட்டுக்கு

பாவாயி அம்மாள் முதன்முதலாக போனில் அழைத்தபோது நான் தூத்துக்குடியில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏலக்காரரின் கூச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.

"ஏனுங்க, நீங்க மிக்கேலுங்களா? நேவியில இருந்தவருங்களா?"

"ஆமாம்மா. யாரு பேசுதது?"

"கொல்லிமலையில இருந்து பேசறனுங்க. பழனிவேலோட தங்கச்சி."

நான் கூட்டத்தைவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெயரை வேறொருவர் வாயிலிருந்து கேட்டு ஐம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. முன்னாள் கடற்படைக்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் பாவாயி அம்மாளின் மகன் என் பெயரைப் போட்டு விசாரித்திருக்கிறார். யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்கம்மா பொட்டியில நீங்க எழுதுன லெட்டர் இருக்குதுங்க. ஒருக்கா மலைக்கு வந்துட்டுப் போக முடியுங்களா? போன்ல கேக்கற சமாச்சாரம் இல்லீங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சப்-லெப்டினன்ட் பழனிவேல் எங்கள் கப்பலில் இளைய அதிகாரி. போரில் கப்பல் மூழ்கியபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு இருபது, கடைநிலை மாலுமி. மறுநாள் என்னைக் கடலிலிருந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தமிழ் பேசற பையன் ஒருத்தன் இருக்கான்னு உன்னப் பத்தி எழுதுவான். எம்பையன் எங்க இருக்கான்னு நீயாச்சும் சொல்லு சாமி' என்று யாரையோ விட்டு எழுதியிருந்தார். நான் பதில் போட்டேன். கப்பல் சாயும்போது சார் ரப்பர் படகில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன், வேறு கப்பல் ஏதாவது ஏற்றியிருக்கும், கவலைப்படாதீர்கள் என்று எழுதினேன்.

அவர் படகில் ஏறவில்லை. அது எனக்குத் தெரியும்.

பிறகு அந்த அம்மாவிடமிருந்து இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் பதில் எழுதவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனேன். அதற்குப் பிறகும் வந்ததா என்று தெரியாது.

என் மனைவி ரோஸி நெத்திலிக் கருவாடும் மக்ரூனும் பொட்டலம் கட்டித் தந்தாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்றாள். வேறு என்னத்தைக் கொண்டுபோவது என்று எனக்கும் தெரியவில்லை.

காளப்பநாயக்கன்பட்டியில் காலை எட்டு மணிக்கு இறங்கினேன். அது பழனிவேல் சாரின் சொந்த ஊர். கண்ணுக்கு நேரே மலை சுவர்போல நிற்கிறது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் தரைவரைக்கும் இறங்கி வரும். இங்கே பாதியிலேயே நின்றுவிடுகிறது. டீக்கடையில் இட்லி நன்றாக இருந்தது. தேங்காய்ச் சட்னியில் பச்சை மிளகாயைக் கொஞ்சம் தாராளமாகவே அரைத்திருந்தார்கள்.

"இந்த ஊர்ல நேவி ஆபீசர் ஒருத்தர் இருந்தார்லா? பழனிவேல்னு?" என்று கடைக்காரரைக் கேட்டேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும்.

"மிலிட்டரிங்களா? மிலிட்டரிக்காரங்க நெறையப் பேரு இருக்காங்க. கப்பல்காரரு யாரையும் தெரியலீங்களே."

அவர்மீது குற்றமில்லை. கடல் இங்கிருந்து எந்தத் திசையில் என்றுகூட யாரும் யோசிக்க வேண்டிய தேவை இல்லாத ஊர். சோளத்தட்டு ஏற்றிய வண்டிகளும் மரவள்ளிக்கிழங்கு லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. இந்த ஊர்க் கிணறு ஒன்றில்தான் அவர் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினார். ஒருமுறை மேல்தளத்தில் நிற்கும்போது என்னிடம் சொன்னார்: "கெணத்துல கத்துக்கிட்டவனுக்குக் கடலு ஒண்ணும் பெருசில்ல கண்ணு. அதுல சுத்தியும் செவுரு இருக்கும், இதுல இல்ல. அவ்வளவுதான்." அதிகாரி மாலுமியிடம் இப்படிப் பேசக்கூடாது. சுற்றிலும் யாராவது இருந்தால் ஆங்கிலத்தில் விறைப்பாகப் பேசுவார். ஆளில்லை என்றால் கண்ணு. எங்கள் பக்கத்தில் தாய்தான் பிள்ளையை அப்படிக் கூப்பிடுவாள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மலைக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கடற்படையில் பதினைந்து வருடம் இருந்து, புயலில்கூட சாப்பாட்டைத் தவறவிடாதவன் நான். இருபதாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த மலைக்காரப் பாட்டிக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் கையில் வைத்தார்.

"மோந்து பாரு சாமி. கீழ பாக்காத, மரத்தப் பாரு. மொதத் தடவையா மலைக்கு?"

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆவறதுதான் கண்ணு."

எழுபத்து நான்கு வயதுக்காரனைப் பார்த்துச் சொன்னார். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. மேலேயிருந்து கிழங்கு மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. எல்லாரும் இறங்கினோம். கண்டக்டர், "பின்னால வா, இன்னும் வா, ஒடிச்சு வா" என்று லாரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஒருவர் பலாப்பழம் ஒன்றைத் தடுப்புச் சுவரிலேயே வைத்துப் பிளந்து சுளைகளை எல்லாருக்கும் நீட்டினார். இரண்டு பெண்கள் மிளகுக் கொடியில் நோய் விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டி ஆலத்தூர் நாடு என்கிற மலைக்கிராமத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போகிறாராம். "நீ யாரு ஊட்டுக்கு?" என்றார். "தெரிஞ்சவங்க வீட்டுக்கு" என்றேன். தெரிந்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. லாரி நகர முக்கால் மணி நேரமாயிற்று. அந்த நேரம் முழுக்கத் திரும்பிக் கீழே போகிற பஸ் வருமா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மலைமேல் செம்மேட்டில் பாவாயி அம்மாள் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். மெலிந்த உடம்பு, கைத்தறிச் சேலை, அண்ணனுடைய அதே நீண்ட மூக்கு. அவருடைய கணவர் மலைப்பள்ளிக்கு வாத்தியாராக வந்து இங்கேயே வீடு கட்டியவர். ஐந்து வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். மகன் திருப்பூரில் இருக்கிறான். வீட்டைச் சுற்றி காபிச் செடிகளும் ஒரு பலா மரமும் இரண்டு ஆடுகளும்.

நான் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்தவர் கருவாட்டு வாசனை வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உடனே சமாளித்து, "பக்கத்தூட்டுப் பாப்பாத்திக்கு ரொம்பப் புடிக்குமுங்க, அதுக்குக் குடுத்தர்றேன்" என்றார்.

"நீங்க சாப்பிட மாட்டீங்களாம்மா?"

"கடல் மீனு சாப்புடறதில்லீங்க. தந்தி வந்த அன்னைக்கு உட்டது."

சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் பரிமாறினார். சாமையை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. அரிசியைவிடச் சிறியது, வாயில் ஒட்டாமல் உதிர்கிறது. "மீனில்லாம உங்களுக்கு எறங்குதுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். எதிர்ச்சுவரில் பழனிவேல் சாரின் படம், வெள்ளைச் சீருடையில். மாலை இல்லை, பொட்டு இல்லை, முன்னால் விளக்கும் இல்லை. பக்கத்தில் வாத்தியாரின் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள்.

அன்று அவர் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து லாட்ஜில் படுத்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, வெயில் முற்றத்தில் விழுந்த பிறகு, கடிதத்தை எடுத்து வந்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் வேறு காகிதம் ஒட்டியிருந்தது. இருபது வயதில் என் எழுத்து அத்தனை குண்டாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"எங்கம்மா இத எத்தன தடவ படிக்கச் சொல்லியிருக்கும்னு கணக்கில்லீங்க. அதுக்குப் படிக்கத் தெரியாது. நாந்தான் படிப்பேன். சர்க்கார்ல இருந்து காணாமப் போயிட்டாரு, எறந்ததா வெச்சுக்கணும்னு காயிதம் வந்துச்சு. எங்கப்பா அழுதாரு. எங்கம்மா அழுவல. 'அவனுங்க ஆபீசுல ஒக்காந்து எழுதறானுங்க, இந்தப் பையன் கூட இருந்தவன், கண்ணால கண்டவன்'னு சொல்லிருச்சு."

பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

"காரியம் பண்ண உடல. படத்துக்கு மாலை போட உடல. வருசா வருசம் தீவாளிக்கு அண்ணனுக்கு ஒரு சட்டை எடுக்கும். ஒரு பத்து வருசம் கழிச்சு ஒரு சைஸ் பெருசா எடுத்துச்சு. ஏம்மான்னு கேட்டா, 'வயசு முப்பதைத் தாண்டிருச்சு, வயிறு போட்டிருப்பானில்ல'ன்னுச்சு."

பாவாயி அம்மாள் சிரித்தார். சிரிக்கும்போதே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா போனப்புறம் இங்க வந்து இருன்னு கூப்புட்டேன். வரமாட்டேன்னுருச்சு. அவன் வந்தா பூட்டுன ஊட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவான்னு. கடைசீல செவுத்துல பெயிண்டுல எழுத வெச்சுட்டுத்தான் மலை ஏறுச்சு. 'பழனிவேலு, அம்மா செம்மேடு வாத்தியார் ஊட்டுல இருக்கறேன்'னு."

"அம்மா எப்ப...?"

"அண்ணன் போயி முப்பது வருசம் இருந்துச்சுங்க. கடைசி மூணு நாளு நெனவு இல்ல. வாசல்ல சத்தம் கேட்டா மட்டும் கண்ணத் தொறக்கும்."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். "எனக்கு எழுபது ஆச்சுங்க. எம்பையனுக்கு மாமன் மொகமே தெரியாது, நான் போயிட்டா எங்கண்ணனுக்குன்னு ஒரு திதி குடுக்க ஆளில்ல. கப்பல் முழுகுன அன்னைக்கா, படகுல போயி அப்பறமான்னு நாளும் தெரியாது. அதுக்குத்தான் கூப்புட்டனுங்க. இதுல எழுதியிருக்கறது நெசமுங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

ஐம்பது வருடம் சொல்லாததை முழுவதும் சொன்னேன். கப்பலில் அன்று பொழுது சாயும் நேரம். நாங்கள் கீழ்த்தளத்தில் இருந்தோம். எதிரியின் அடி விழுந்ததும் விளக்கு போய்விட்டது, தரை சாய்ந்தது, தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மேலே போகும் ஏணிக்கு வழி தெரியவில்லை. அப்போது ஏணி வாயிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம். பழனிவேல் சார் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்திருந்தார். அவர் வர வேண்டிய இடமே இல்லை அது. ஒவ்வொருவராகப் பிடித்து ஏணியில் ஏற்றினார். என் காலரைப் பிடித்து இழுத்தபோது சட்டைப் பொத்தான்கள் தெறித்தன.

"என்ன சொன்னாருங்க?" பாவாயி அம்மாளின் குரல் கேட்கவே இல்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

"'ஏறு கண்ணு, பின்னாலயே வாரேன்'னாரு. எனக்குப் பின்னாடி உள்ள இன்னும் ஆளுக கத்திக்கிட்டு இருந்தாவ. அவர் திரும்பி அவங்க பக்கம் டார்ச்சைக் காட்டுனாரு. நான் மேல வந்து தண்ணியில விழுந்து திரும்பிப் பாக்கேன், அந்த ஏணி வாய் கடலுக்குள்ள போயிருச்சும்மா. அதுக்கப்புறம் அதுவழியா யாரும் வரல. கடைசியா வந்தவன் நான்தான்."

"படகு?"

"படகுல அவர் ஏறல. அம்மா எழுதுன கடுதாசியப் படிச்சுட்டு எனக்கு வேற எதுவும் எழுத வரல. ரெண்டு நாள் ஆறுதலா இருக்கட்டும், சர்க்கார் தாள் வந்தா எப்படியும் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். அதையே நம்பிட்டு இருப்பாங்கன்னு தெரியாது. பெறகு வந்த கடுதாசிக்கு உண்மையச் சொல்லவும் தைரியம் இல்ல."

அவர் கடிதத்தை மடித்தார். எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் பின்பக்கமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போவது தெரிந்தது. நான் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி, இரண்டு மணி. பாப்பாத்தி என்கிற பக்கத்து வீட்டுப் பெண் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள்.

"பாவாயக்கா குடுக்கச் சொல்லுச்சுங்க. சாப்புட்டுட்டு நீங்க ரூமுக்குப் போயிருவீங்களாமா."

கிழங்கு மாவுபோல வெந்திருந்தது. தட்டை மூடி வைத்துவிட்டு லாட்ஜுக்கு நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் கீழே போய்விடுவது என்று பையோடு நிறுத்தத்துக்கு வந்தேன். பாவாயி அம்மாள் அங்கே நின்றார். தலை குளித்து, கையில் ஒரு கூடை. கண்கள் வீங்கியிருந்தன.

"எங்கம்மா முப்பது வருசம் உசுரோட இருந்தது உங்க லெட்டராலயா, இல்ல தெனமும் செத்தது உங்க லெட்டராலயா, எனக்கு வெளங்கலீங்க" என்றார். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். வெளங்கல."

"என்னைய மன்னிச்சிருங்கம்மா."

"அது எங்கம்மாகிட்டக் கேக்க வேண்டியதுங்க. நான் என்னத்தச் சொல்றது." கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "கோயிலுக்கு பஸ்ஸு வருது. வாங்க. எனக்கு நாளு தெரியணும்."

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஐயாறு ஓடுகிறது. பெரிய ஆறில்லை, கணுக்கால் அளவு தண்ணீர், வழவழப்பான பாறைகள். சற்றுத் தள்ளிப்போய் அருவியாக விழுகிறது. அருவி பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டு எண்ணிக்கையைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் திதி கொடுக்கிற ஐயர் ஒருவர் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு பண்றது?"

"நாந்தானுங்க. கூடப் பொறந்தவ."

"ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்று என்னைப் பார்த்தார். என் கழுத்தில் சிலுவை தெரிந்ததும் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"இங்க இருக்கறது நான் ஒருத்திதான், சாமி."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி உட்காருங்கள் என்றார். பெயர் கேட்டார். குலம் கேட்டார். பிறகு, "எந்த நாள் தவறினாரு?" என்றார்.

பாவாயி அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

நாளைச் சொன்னேன். மாதத்தையும் வருடத்தையும் சொன்னேன். "எந்த நேரம்?" என்றார். நேரத்தையும் சொன்னேன். அந்த ஏணியில் ஏறி வந்தவர்களில் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்த நேரத்தைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை. ஐயர் செல்போனில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துத் திதியைச் சொன்னார். பாவாயி அம்மாள் அதை வாய்க்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல.

எள்ளும் தண்ணீரும் விட்டார். அண்ணன் பெயரைச் சொன்னார். பிறகு, ஐயர் கேட்காமலே, அம்மா பெயரையும் சொன்னார். பிண்டத்தை ஆற்றில் விட்டபோது அவர் அழுத அழுகையை எழுதத் தெரியவில்லை. பதினாறு வயதில் அழ வேண்டியதை எழுபது வயதில் அழுதார். படிக்கட்டுப் பக்கம் போன பிள்ளைகள் பேச்சை நிறுத்திக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். நான் பாறைமேல் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன்.

திரும்பும் வழியில் முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் விற்கிறார்கள். "முட்டி வலிக்கு நல்லதுங்க சார்" என்று ஒரு பெண் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டாள். பாவாயி அம்மாள் இரண்டு டம்ளர் வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார். மிளகுக் காரம். சுடச்சுடக் குடித்தோம்.

செம்மேட்டில் என் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. அவர் வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான் கடல் பாத்ததே இல்லீங்க" என்றார் திடீரென்று. "எங்கூட்டுக்காரரு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களை எல்லாம் கன்னியாகுமரி கூட்டிட்டுப் போனாரு. நான் போகல. போயி அதும் மூஞ்சியில முழிக்கறதான்னு இருந்துச்சு."

"எங்க ஊருக்கு வாங்கம்மா. எங்க வீட்டுல தங்கலாம். நடந்து போற தூரந்தான்."

"கிட்டப் போக மாட்டனுங்க." கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தூரத்துல இருந்து பாத்தாத் தெரியுங்களா?"

"மொட்டை மாடியில இருந்தே தெரியும்."

பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"தை பொறக்கட்டும். மகனக் கூட்டிட்டு வந்து பாக்கறேன்" என்றார். "மாடியில ஒரு சேர் மட்டும் போட்டு வையுங்க. ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்க."

வீட்டுக்கு வந்த மறுநாள் நாற்காலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கிழக்குப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்து பார்த்தால், கைப்பிடிச் சுவர் மறைத்தது. எழுந்து நின்றால்தான் கடல் தெரிகிறது. இத்தனை வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன், அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கொத்தனாரை வரச்சொல்லி அந்தப் பக்கச் சுவரில் மேலே மூன்று வரிசைக் கல்லை எடுத்துவிட்டு அங்கே கம்பி போடச் சொன்னேன்.

"நல்லாயிருக்குற சுவரை எதுக்கு இடிக்கீங்க?" என்றாள் ரோஸி.

"பழனிவேல் சாரோட தங்கச்சி வருது" என்றேன்.